டச்சுக்காரன் விட்டுப்போன சொல்

நவம்பர் மாதம் வந்தால் பென்ஷன் வாங்குகிற கிழவர்களும் கிழவிகளும் தாங்கள் இன்னும் சாகவில்லை என்று அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும். உயிர்ச் சான்று என்பார்கள். கைபேசியில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று இப்போது வந்துவிட்டது. ஆனால் எண்பது வயதுக்காரருக்குக் கைபேசி என்பது மணியடித்தால் எடுத்துப் பேசும் பெட்டி, அவ்வளவே. ஆகவே இன்றும் மஞ்சள் பையில் பென்ஷன் புத்தகமும் ஆதார் அட்டை நகலுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். நாஞ்சில் நாட்டில் அது ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் காலம். அடைமழை. குடை பிடித்தாலும் முழங்காலுக்குக் கீழே நனையும். ஈரக் குளிரில் அடிவயிறு சீக்கிரம் நிறையும்.

எங்கள் தெருவில் பட்டாளத்து அண்ணாச்சி ஒருவர். எண்பதைத் தாண்டியவர். 65-லும் 71-லும் எல்லையில் நின்றவர். அவரும் மைனியும், கூட நானுமாக ஆட்டோவில் போனோம். போன இடம், முன்னாள் படைவீரர்களுக்கென்று அந்தக் காலத்தில் எழுப்பிய கட்டடம். சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு உத்திரம், ஓட்டுக் கூரை, முகப்பில் அழகான வளைவு. உள்ளே சலவைக்கல் பலகையில் வரிசையாகப் பெயர்கள். போருக்குப் போய்த் திரும்பி வராதவர்கள். அண்ணாச்சி அந்தப் பலகையின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நிமிர்ந்து நின்றார். எந்தக் கட்டடம், எந்தத் தெரு என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு கட்டடத்தின் குறையாகப் போய்விடும். அப்படியல்ல சங்கதி. உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், பெயர் நாக்கில் வரும்.

காலை ஒன்பதரைக்குப் போனோம். பதினொன்றரைக்கும் வரிசை நகரவில்லை. மைனி என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

“தம்பி, இங்க பொம்பிளையோ போறதுக்கு எடம் ஏதாவது உண்டுமா?”

அதைக் கேட்க அவள் ஒரு மணி நேரமாகக் கூச்சப்பட்டிருக்க வேண்டும். காவலாளியிடம் போய்க் கேட்டேன்.

“இருக்கு சாரே. பின்னால ஒண்ணு இருக்கு. ஆனா பூட்டியில்லா கெடக்கு. சாவி செக்ரட்டரிகிட்ட. அவரு ஒரு கல்யாணத்துக்குத் திருவனந்தபுரம் போயிருக்காரு.”

சாவி திருவனந்தபுரத்தில், மைனி இங்கே. பிறகு என்ன செய்தோம்? நகரத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. ஆட்டோ பிடித்துப் பெரிய ஜவுளிக் கடை ஒன்றுக்குப் போனோம். மைனி சேலை பார்ப்பதுபோல் ஏறி இரண்டாவது மாடிக்குப் போய்விட்டு வந்தாள். சும்மா இறங்கினால் மரியாதை இல்லை என்று ஒரு லேஞ்சி வாங்கினாள். ஆட்டோவுக்கும் லேஞ்சிக்கும் சேர்த்து மூத்திரம் பெய்த செலவு நூற்றைத் தாண்டியது. திரும்பி வந்தால் வரிசையில் எங்கள் இடம் போயிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் தெரிந்தது, மைனி காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. காப்பியும் குடிக்கவில்லை. வெளியே கிளம்பும் நாளெல்லாம் அப்படித்தானாம். “பழகிப் போச்சு தம்பி” என்றாள். இப்படிப் பழகிப்போனவர்கள் எத்தனை இலட்சம் பேர்? பள்ளிக்கூட டீச்சர், பேருந்து நிலையத்தில் பூக்கட்டுகிறவள், மீன் கூடையோடு தெருத் தெருவாக நடக்கிறவள், துணிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் பிள்ளைகள். தண்ணீர் குடிக்காமலும் அடக்கி வைத்தும் பழகிய உடம்புக்கு நீர்க்கடுப்பு வரும், சிறுநீர்த் தாரையில் சீழ் பிடிக்கும், கல் அடையும். உங்கள் வீட்டு அம்மாவிடம், மனைவியிடம், மகளிடம் இன்று கேட்டுப் பாருங்கள். வெளியூர்ப் பயணத்தன்று எத்தனை மணிக்குத் தண்ணீரை நிறுத்துகிறார்கள் என்று சொல்வார்கள்.

ஆணுக்கு இந்தக் கவலை பாதிதான். ஊரில் உள்ள சுவரெல்லாம் அவன் சுவர். ஆனால் அவனுக்கும் எழுபது வயதாகும். பிராஸ்டேட் சுரப்பி வீங்கும். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து போக வேண்டும். பேன்ட் பித்தானை அவிழ்ப்பதற்குள் பாதி நனைந்துவிடும். அண்ணாச்சிக்கும் அந்தத் தொந்தரவு உண்டு. ஆனால் சுவரோரம் ஒதுங்க மாட்டார். பட்டாளத்துப் பழக்கம். அன்று ஆட்டோவில் வரும்போது சொன்னார்:

“ராஜஸ்தான் மணல்ல கேம்ப் போடுவோம் பாத்துக்கோ. கூடாரம் அடிக்கதுக்கு முந்தி சந்தாஸ் குழி வெட்டியாகணும். சமையக்கட்டு இந்தப் பக்கம்னா அது அந்தப் பக்கம், காத்து எங்கேருந்து அடிக்குன்னு பாத்து. ரெண்டு நாள்ல காலி பண்ணுக கேம்ப்பா இருந்தாலும் அதுதான் சட்டம். இங்க ஒரு ஆயுசுக்குன்னு கட்டி வச்சிருக்கான், குழிக்கு வழியில்ல.”

இந்த வாரம் நான் எழுத வந்த விஷயம் இதுதான். பட்டாளத்துக்காரனைக் கௌரவிக்கிறோம் என்று ஒரு மண்டபம் கட்டி வைத்துக்கொண்டு, அவன் எந்தப் பாலைவனத்திலும் முதலில் செய்த வேலையை நாம் ஊர் நடுவில் செய்யாமல் விட்டிருக்கிறோம்.

படைக்கும் கழிப்பறைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. இங்கிலாந்தின் வடக்கே ரோமானியர்கள் எழுப்பிய ஹேட்ரியன் சுவரை ஒட்டி ஹவுஸ்டெட்ஸ் என்று ஒரு கோட்டை இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. இன்று போனாலும் அங்கே படைவீரர்களுக்கான பொதுக் கழிப்பிடத்தைப் பார்க்கலாம். சரிவான மூலையைத் தேர்ந்தெடுத்து, மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, கல் வாய்க்காலில் ஓடவிட்டுக் கழுவியிருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் அதையும் ஆசையாகப் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

அந்தப் பாடத்தை மறந்தபோது என்ன ஆயிற்று என்பதற்கும் சரித்திரம் உண்டு. கிரிமியப் போர். துருக்கியில் ஸ்கூட்டாரி என்ற இடத்தில் ஒரு பெரிய பட்டாளத்துக் கட்டடத்தை ஆங்கிலேயர்கள் ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். பார்க்கக் கம்பீரமான கட்டடம். அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. குண்டடி பட்டுச் செத்தவனை விட வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் செத்தவன் அதிகம். 1855 பிப்ரவரியில் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடையை அள்ளிக் கழுவி, காற்றோட்டம் செய்தது. ஜூன் மாதத்துக்குள் சாவு நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பின்னாளில் படம் வரைந்து, கணக்குப் போட்டு உலகத்துக்குச் சொன்னது இதைத்தான். நாம் அந்த அம்மாளின் கையிலிருந்த விளக்கை மட்டும் பாடப் புத்தகத்தில் படித்தோம். சாக்கடையை விட்டுவிட்டோம்.

தூர தேசம் எதற்கு, நம்ம ஊர்க் கதைக்கே வருகிறேன். குளச்சலில் கடற்கரையை ஒட்டி ஒரு வெற்றித் தூண் நிற்கிறது. 1741-ல் திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த இடம். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு மகாராஜாவின் படைக்கே தளபதியாகி, 1777-ல் செத்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடங்கிக் கிடக்கிறார். கல்லறையில் தமிழும் லத்தீனும் வெட்டியிருக்கும். இன்றைய மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9-வது பட்டாலியன் தன் வேரை 1704-ல் பத்மநாபபுரத்தில் திரட்டிய மெய்க்காவல் படையில்தான் கொண்டிருக்கிறது. ஆக, பட்டாளம் எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. அவ்வளவு பெருமையும் எங்களுக்கு உண்டு. மேடை கிடைத்தால் முக்கால் மணி நேரம் பேசுவோம்.

அந்தத் தோற்ற டச்சுக்காரன் நம்மிடம் ஒரு சொல்லை விட்டுப் போயிருக்கிறான். கக்கூஸ். டச்சு மொழியில் ‘கக்ஹாய்ஸ்’. பேலுகிற வீடு என்று நேரடி அர்த்தம். குளச்சல் வழியாகத்தான் வந்தது என்று நான் சாதிக்கவில்லை. பழவேற்காடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி, கொச்சி என்று எங்கும் அவன் கடை விரித்திருந்தான். மலையாளத்திலும் அதே கக்கூஸ், சிங்களத்தில் கக்குசி, இந்தோனேஷியாவில் காகுஸ். அவன் போன இடமெல்லாம் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. பீரங்கியையும் மிளகு மூட்டையையும் போட்டுவிட்டு ஓடினான், இந்தச் சொல் மட்டும் நிலைத்துவிட்டது. சொல்லை வாங்கி வைத்துக்கொண்ட நாம் அந்த அறையை வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிய இடத்திலும் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறோம்.

ஒரு வாரம் கழித்து நான் அந்தக் கட்டடத்துப் பொறுப்பாளர்கள் சிலரைப் பார்த்தேன். நல்ல மனிதர்கள். சாயாவும் ஏத்தங்காய் சிப்சும் தந்தார்கள். பின்புறம் இரண்டு பக்கமும் கழிப்பறை கட்டி ஊர்ச் சனத்துக்குத் திறந்துவிட்டால் என்ன என்று கேட்டேன். நாலு பதில் வந்தது. நாலும் நீங்கள் எங்கும் கேட்கக் கூடியவைதான்.

முதல் பதில்: “பழம்பெரும் கட்டடம் சாரே. அதோட அழகு கெட்டுப்போகும்.”

அவரைக் கையைப் பிடித்துக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போனேன். இடுப்பளவு உயரத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து, உப்புப் பூத்து, செங்கல் அரித்துக் கிடந்தது. மழைத் தண்ணீர் செய்த வேலை அல்ல. வருடக் கணக்காக நின்றுகொண்டு அடித்த மூத்திரத்தின் வேலை. அதில் உள்ள உப்பு சுண்ணாம்புக் காரைக்குள் ஊறி, வெயிலில் காய்ந்து கட்டியாகும்போது பூச்சை உள்ளிருந்து பெயர்த்துத் தள்ளும். தடுப்பதற்காகச் சுவரில் சாமி பட ஓடு பதித்திருந்தார்கள். பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மக்கா, மூன்றும் வரிசையாக. மத நல்லிணக்கத்துக்கு இதைவிட மோசமான இடம் உண்டா? ஓடு பதித்த இடத்தை விட்டு இரண்டடி தள்ளி நிற்கிறான், அவ்வளவுதான். இப்போது நீங்களே சொல்லுங்கள், பழைய கட்டடத்தைக் கெடுப்பது கழிப்பறையா, கழிப்பறை இல்லாததா?

சட்டம் விடாது என்றும் ஒருவர் சொன்னார். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 100 மீட்டர் சுற்றளவில் புதுக் கட்டடம் எழுப்பத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று 2010-ல் திருத்திய சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் அதே சட்டத்தில் ‘கட்டுமானம்’ என்ற சொல்லுக்கு எழுதிய விளக்கத்தைப் படியுங்கள். சாக்கடை வேலை, குடிநீர் வேலை, பொதுக் கழிப்பிடம், மூத்திரக் கழிப்பிடம் ஆகியவை அதில் சேராது என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறான். சட்டம் எழுதியவனுக்கும் அடிவயிறு உண்டு போலும். கோட்டை கொத்தளத்துக்கே இந்தச் சலுகை என்றால் நம்ம ஓட்டுக் கூரை மண்டபம் எம்மாத்திரம்?

இலங்கையில் அனுராதபுரம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் ஆண்டுக்கும் முந்தைய பௌத்த மடங்கள். துறவிகளின் இருப்பிடத்தில் ஆடம்பரமான சிற்பம் எதுவும் இல்லை. ஆனால் மூத்திரம் பெய்யும் கல்லில் மட்டும் நுணுக்கமான செதுக்கல் வேலை. ஏன் அப்படி என்று ஆராய்ச்சியாளர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். அது எப்படியும் இருக்கட்டும். அந்தக் கல் இன்று அந்த நகரத்தின் புராதனப் பெருமைகளில் ஒன்று. கழிப்பிடம் புராதனத்துக்கு விரோதி என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் பொய்.

பழைய சுவரில் ஒரு செங்கல்லைக்கூடத் தொட வேண்டாம். பின்புறம் நாலு எட்டுத் தள்ளி, தாழ்வாக, அதே ஓட்டுக் கூரையில் ஒரு தனிக் கட்டடம். வராந்தாவிலிருந்து அதுவரை மழை நனையாத நடைபாதை. கழிவுத் தொட்டியைப் பழைய அஸ்திவாரத்திலிருந்தும் கிணற்றிலிருந்தும் நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். எங்கள் பக்கம் மழைக் காலத்தில் ஊற்று மேலே ஏறிவிடும், அதைப் பார்த்துத் தொட்டி கட்ட வேண்டும். நாளைக்கு வேண்டாம் என்றால் பெயர்த்து எடுத்துவிடலாம், பழைய கட்டடம் இருந்தபடியே இருக்கும். நல்ல கொத்தனார் ஒருவரும், பழைய கட்டட வேலை தெரிந்த பொறியாளர் ஒருவரும் போதும்.

இரண்டாம் பதில்: “மெம்பர்களுக்குன்னா சரி. திறந்து விட்டா ஊர்க்காரன் எல்லாம் உள்ள வருவான்.”

வரட்டுமே! எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். அந்தச் சலவைக்கல்லில் பெயர் உள்ளவன் யாருக்காகச் செத்தான்? மெம்பர்களுக்காகவா? சந்தைக்கு வருகிறவளும், தோவாளையிலிருந்து பூக்கூடை சுமந்து வருகிறவளும், வங்கியில் நகை திருப்ப வந்து நிற்கிறவளும்தான் அவன் காத்த தேசம். அவனே அப்படி ஒருத்தியின் வயிற்றில் பிறந்தவன்தான். அவன் அம்மா இன்று உயிரோடு வந்து நின்றாலும் “நீங்க மெம்பரா?” என்று கேட்போமா?

முதல் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தத் தர்க்கம் நடந்திருக்கிறது. செத்தவர்களுக்குக் கல் தூண் நடுவதா, ஊருக்குப் பயன்படும்படி மண்டபம், நூலகம், விளையாட்டுத் திடல் கட்டுவதா என்று. இரண்டும் செய்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1932-ல் திறந்த படைவீரர் கட்டடத்தின் அரங்கில்தான் 1945-ல் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நினைவுச் சின்னம் என்றால் வருடத்துக்கு ஒருமுறை மாலை போட்டுவிட்டுப் பூட்டுகிற இடம் என்று எவன் சொன்னது? தினமும் நூறு பேர் கால் வைக்கிற இடத்தில்தான் அந்தப் பெயர்ப் பலகையை நாலு பேர் வாசிப்பார்கள்.

மூன்றாம் பதில்: “அதுக்காக மெனக்கெட்டு யாரு சாரே இங்க வரப்போறா? செலவுதான் மிச்சம்.”

இதே பதிலை லண்டனிலும் சொல்லியிருக்கிறார்கள். 1851-ல் அங்கே கண்ணாடி மாளிகையில் மாபெரும் பொருட்காட்சி. ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற குழாய் வேலைக்காரர் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைகளை வைத்தார். ஆளுக்கு ஒரு பென்னி. காசு கொடுத்துப் போனவர்கள் 8,27,280 பேர். பொருட்காட்சி முடிந்து மாளிகையை வேறிடத்துக்குப் பெயர்த்துக் கொண்டுபோனபோது, கழிப்பறைக்காகவா சனம் வரும், மூடிவிடலாம் என்றார்களாம் பொறுப்பாளர்கள். ஜென்னிங்ஸ் விடவில்லை. பிறகு ஆண்டுக்கு ஆயிரம் பவுன் வருமானம் வந்ததாகச் சொல்வார்கள். கழிப்பறைக்காக யாரும் வர மாட்டார்கள், உண்மைதான். ஆனால் அது இல்லாத இடத்துக்கு வராமல் போகிறவர்கள் உண்டு. அவர்கள் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறாது. அடுத்த வருடம் மைனி வர மாட்டாள். “நீங்க மட்டும் போய்ட்டு வாங்கோ” என்பாள். வராந்தாவில் கூட்டம் குறைந்திருக்கிறது, பெண்களுக்கு ஆர்வமில்லை என்று செக்ரட்டரி நோட்டில் எழுதுவார்.

காசு பற்றி ஒரு வார்த்தை. நம் பேருந்து நிலையங்கள் பலவற்றில் ஆண் மூத்திரம் பெய்ய இலவசம், பெண் போனால் காசு. சுவரைப் பார்த்து நிற்கவும் இலவசம், கதவைச் சாத்தி உட்காரக் கட்டணம். இந்த ஞாயம் எந்த ஊர் ஞாயம்? இந்த மண்டபத்திலாவது யாரிடமும் காசு வாங்க வேண்டாம்.

நான்காவது பதில் சத்தமாக வரவில்லை. சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “கட்டலாம். யாரு களுவுவா?”

இது ஒன்றுதான் நேர்மையான கேள்வி. மற்ற மூன்றும் இதை மறைக்கப் போட்ட திரை. நம் தேசத்தில் கக்கூஸ் என்றவுடன் மூக்கைப் பொத்துவது நாற்றத்துக்காக மட்டுமல்ல. அதைக் கழுவ ஒரு சாதியைப் பிறப்பிலேயே நேர்ந்துவிட்டுப் பழகிய தேசம் இது. 2013-ல் கையால் மலம் அள்ளுவதை முழுக்கத் தடை செய்து சட்டம் வந்தது. 2017-ல் திவ்யபாரதி ‘கக்கூஸ்’ என்றே பெயர் வைத்து ஆவணப்படம் எடுத்தார். பார்த்துவிட்டு அன்று இரவு சோறு இறங்காதவர்கள் உண்டு. அதனால் நான் கேட்பது வெறும் நாலு சுவரும் பீங்கானும் அல்ல. ஆள் வேண்டும். மாதச் சம்பளம், வார விடுப்பு, கையுறை, காலுறை, குழாயில் நிற்காத தண்ணீர், கழுவும் இயந்திரம் எல்லாம் வேண்டும். விளம்பரம் கொடுத்து எந்தச் சாதிக்காரனும் விண்ணப்பிக்கும்படியான வேலையாக அதை ஆக்க வேண்டும். தொட்டி நிறைந்தால் மனிதன் இறங்கக் கூடாது, லாரிக் குழாய்தான் இறங்க வேண்டும். இதற்கு ஆகும் பணத்தைக் கட்டும்போதே ஒதுக்கி வையுங்கள். திறப்பு விழாப் பந்தலுக்கும் பொன்னாடைக்கும் ஆகிற செலவை நிறுத்தினால் சில மாதச் சம்பளம் அதிலேயே கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டாளத்திலிருந்து வந்தவர்களில் கால் போனவர்கள் உண்டு, கண் போனவர்கள் உண்டு. மூன்று படிக்கட்டு வைத்துக் கழிப்பறை கட்டுகிற பொறியாளனை என்ன செய்யலாம்? சக்கர நாற்காலி ஏறும் சரிவு வேண்டும், உள்ளே திரும்ப இடம் வேண்டும், எழுந்திருக்கப் பிடிகம்பி வேண்டும். முழங்கால் மடங்காத கிழவிக்கு உட்காரும் பீங்கான் வேண்டும். பை மாட்ட ஓர் ஆணி, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி, எரிகிற பல்பு, உள்ளிருந்து விழுகிற தாழ்ப்பாள். கேட்டால் சின்னச் சின்ன விஷயங்கள். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் ஒரு பெண் அந்த அறையைப் பயன்படுத்த முடியாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள் என்று எல்லோருக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று உத்தரவிட்டது. அது சலுகை அல்ல, கண்ணியமாக உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது என்றும் சொன்னது. நீதிபதி உட்காரும் இடத்துக்கே இப்போதுதான் அந்த நினைவு வந்திருக்கிறது. நம் மண்டபத்துக்கு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தால் நமக்கு வயதாகிவிடும். ஆகிக்கொண்டுதான் இருக்கிறது.

டிசம்பர் 7 கொடி நாள். 1949-லிருந்து நடக்கிறது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னக் கொடி தருவார்கள். நீங்களும் உண்டியலில் ஏதோ போடுவீர்கள். இந்த முறை போடும்போது ஒரு கேள்வியும் சேர்த்துப் போடுங்கள்: உங்கள் ஊர்ப் படைவீரர் கட்டடத்தில், தியாகிகள் மண்டபத்தில், நூற்றாண்டு கண்ட பொதுக் கூடத்தில் கழிப்பறை உண்டா, திறந்திருக்கிறதா, பெண்கள் போகலாமா என்று. நேரில் போய்ப் பின்புறம் வரை நடந்து பாருங்கள். பூட்டிக் கிடந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். கேட்பவர்கள் நாலு பேர் ஆனால் பூட்டு திறக்கும்.

புதிதாகக் கட்ட ஆண்டுகள் ஆகும் என்பார்கள். தீர்மானம் போட வேண்டும், திட்ட மதிப்பீடு வேண்டும், ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். சரி, ஆகட்டும். அதுவரை, ஏற்கெனவே இருக்கிற அந்த ஓர் அறையின் சாவியைக் காவலாளியின் நாற்காலிக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டி வைக்கலாம். அதற்குத் தீர்மானம் வேண்டாம். அண்ணாச்சி அன்று ஆட்டோவை விட்டு இறங்கும்போது கேட்டதும் அவ்வளவுதான்.

“ஆணி நான் வாங்கித் தாறேன், வே. அடிச்சும் தாறேன். சாவியக் குடுக்கச் சொல்லு.”